கழிவு மூலையும் என் சைக்கிளும்

ரெங்கம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் மரைக்காயர் கடையில் போன வாரம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் இளம் கிராணிமார் இரண்டு பேர் வந்து என் மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை, ஸ்டோரில் கிடக்கும் பழைய சாமான்களை 'டிஸ்போஸ்' பண்ணச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஒருவர் அதற்குக் குப்பைமேட்டில் கொட்டு என்று அர்த்தம் என்கிறார். மற்றவர் விற்றுவிடு என்று அர்த்தம் என்கிறார். அகராதியைப் புரட்டினால் டிஸ்போஸ், டிஸ்கார்ட், ரிஜெக்ட், கண்டெம் எல்லாவற்றுக்கும் விலக்கு, தள்ளு, ஒழி என்று அதே மூன்று சொல்லை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறதாம்.

"அண்ணே, நீங்க இத்தனை வருசம் ஸ்டோர் கிராணியா இருந்தவங்க. இதுல என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டார்கள்.

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. வாயில் வந்ததை விழுங்கிப் பழக்கமில்லாதவன் நான். ஆகையால் மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தது முதலாவது பெரிய சண்டை முடிந்த சமயம். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் என்னோடு வந்தது. அதைப் பேசுகிற தைரியம் ஊரிலேயே தங்கிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் கொஞ்ச காலம் மூட்டை எண்ணினேன். பிறகு சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கம் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி வேலை கிடைத்தது. பயிற்சி என்று யாரும் தனியாகக் கொடுக்கவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயரைக் குரல் நடுங்காமல் கூப்பிடப் பழகியதே எனக்குப் பெரிய பயிற்சி. துரை எதைக் கேட்டாலும் 'யெஸ் சார்' என்றுவிடுவேன். ஒருநாள், "ஸ்டோர்ச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். அதற்கும் 'யெஸ் சார்' என்றேன். அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மௌனம் தாங்காமல் இன்னொரு 'யெஸ் சார்' போட்டேன்.

அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணியார் கனகரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. துரை முன்னால் அவர் குனிந்தும் நான் பார்த்ததில்லை, விறைத்தும் பார்த்ததில்லை. துரை ஏதாவது கேட்டால் முதலில் பேனாவை மூடுவார். "சார்" என்பார். அப்புறம் ஒரு கைக்குட்டையை மடித்து வைக்கிற நேரம் சும்மா இருப்பார். அதற்குள் துரையே கேள்வியைத் திருத்திக்கொண்ட நாட்கள் உண்டு. நானும் அதைச் செய்து பார்த்தேன். பேனாவை மூடினேன், 'சார்' என்றேன், சும்மா இருந்தேன். எனக்கு உடம்பு சரியில்லையென்று நினைத்துத் துரை என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

கனகரத்தினத்தின் ஸ்டோர் ஒரு கோயில் மாதிரி. வேண்டாத சாமானுக்குக்கூட அதில் ஸ்தானம் உண்டு. நான் சேர்ந்த புதிதில் ஓட்டை வாளி ஒன்றைத் தூக்கி வெளியே வீசப் போனேன்.

"ஐசே, என்ன செய்யிறீர்?" 'ஐ ஸே' என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"ஓட்டைங்க. தூக்கிப் போடறேன்."

"த்ரோ அவே எண்டுறது வாழைப்பழத் தோலுக்கு. அதைக் கீழ வையும்."

அன்றைக்கு வாளியைக் கையில் பிடித்தபடியே பாடம் கேட்டேன். ரிஜெக்ட் என்றால் வாசலிலேயே 'உள்ளே வராதே' என்பது. ரப்பர்ப் பாளத்தில் புள்ளி இருந்தால் முதல் தரத்தில் சேர்க்காமல் திருப்புகிறோமே, அது. சாமான் நம்முடையதாகி, உழைத்த பிறகு ரிஜெக்ட் பண்ண நமக்கு உரிமை கிடையாது. டிஸ்கார்ட் வேறே. அது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. கையில் வேண்டாத சீட்டைக் கீழே போடுகிறோம். "போட்ட சீட்டு கெட்ட சீட்டோ? அடுத்தவன் அதைத்தானே எடுத்து வெல்லுறான்," என்றார். சனிக்கிழமை தவறாமல் ஸ்டேஷன் மாஸ்டரோடு சீட்டாடுகிறவர். பட்ட அனுபவம் குரலில் இருந்தது. ஸ்கிராப் என்றால் உருவம் போனாலும் சரக்கு மிச்சம் என்று அர்த்தம். உடைந்த இரும்பு நிறுத்து விலைக்குப் போகும். மரத்திலும் பால் பிடிக்கும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய கட்டிப்பாலுக்கும் தோட்டத்தில் அதே பெயர்தான். அதையும் பொறுக்கி, பட்டை தூசு எடுத்து, காசாக்குகிறோம். டிஸ்போஸ் என்பது வேண்டாததை ஒழுங்காக ஒரு கரை சேர்ப்பது. விற்பதோ கொடுப்பதோ புதைப்பதோ, எது என்று கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

"அபாண்டன்?" என்றேன், வாளியைக் கை மாற்றிக்கொண்டு.

"காஹாங் பக்கம் போற வழியில லாலாங் புல் மூடின தோட்டம் பாத்தனீரோ? அது. மற்றச் சொல்லெல்லாம் பொருளைப் பற்றினது. அபாண்டன் மட்டும் விட்டிட்டுப் போறவனைப் பற்றினது."

கடைசியாக கண்டெம். அதற்கு ஸ்டோருக்குப் பின்னால் தனி மூலையே இருந்தது. கழிவு மூலை என்போம். தேய்ந்த மண்வெட்டி, அடி போன வாளி, துருப்பிடித்த கம்பி எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். சில மாதத்துக்கு ஒருமுறை துரை வந்து ஒவ்வொன்றையும் பார்த்து, 'கண்டெம்' என்று தன் வாயால் சொல்லி, சுத்தியலால் முதல் அடி அடிக்க வேண்டும். மிச்சத்தைப் பட்டறை ஆள் உடைத்து முடிப்பான். உடைக்காவிட்டால் அதே வாளி அடுத்த தடவையும் வரிசையில் வந்து நின்று, அதன் பேரில் இன்னொரு புது வாளி வாங்கப்படும். இது ஊர் அறிந்த காரணம். கனகரத்தினத்தின் காரணம் வேறே: "உடைக்கச் சொல்லுறவருக்கு அந்தப் பாரம் கையில தெரிய வேணும்."

இந்த ஏற்பாட்டை நான் மனதார மெச்சினேன், என் சைக்கிள் அதில் மாட்டுகிற வரைக்கும்.

பத்து பாகாட்டில் ஒரு சீனர் கடையில் வாங்கிய பழைய சைக்கிள் அது. பச்சைப் பெயிண்ட் அடித்து மணி மாட்டியிருந்தேன். கழிவு நாளன்று நான் தாமதமாக வந்தேன். ஓடி வந்த பதற்றத்தில், கைக்கு எட்டிய சுவரில் வண்டியைச் சாய்த்தேன். எட்டியது கழிவு மூலைச் சுவர். துரை வந்தார். களை எடுப்பு பற்றிப் பெரிய கிராணியாரிடம் பேசிக்கொண்டே வாளிக்கு ஓர் அடி, கண்டெம். மண்வெட்டிக்கு ஓர் அடி, கண்டெம் என்று வரிசையாக நடந்தார். என் சைக்கிள் முன்னால் நின்று சுத்தியலை ஓங்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'என்னுடையது சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"யெஸ் சார்" என்றது வாய்.

முன்சக்கரம் எட்டு மாதிரி மடங்கியது.

எதிரே கட்டிப்பால் கொட்டகையில் வேலையாயிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் அஞ்சலை என்று ஒருத்தி. மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரி, காலையில் சேகரித்த பாலைக் கொடுத்துவிட்டு அங்கே நின்றிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தொரை கேட்டாரு, கிராணி யெஸ்ஸுன்னுட்டாரு. அப்புறம் சைக்கிள் என்னா பண்ணும் பாவம்."

அன்றிலிருந்து அவள் வாயில் நான் 'யெஸ்ஸு கிராணி'. தோட்டம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

விஷயம் தெரிந்ததும் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. தன் செலவில் சக்கரம் மாற்றிக் கொடுத்தார். கனகரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

"நீர் அங்க வைச்சது உம்மட பிழை. துரை பாக்காமல் அடிச்சது அவரிட பிழை. பொருளுக்குரியவன் பக்கத்தில நிண்டும் ஒருத்தரும் அவனைக் கேக்கேல்லை. அது என்ர ஒழுங்கில இருக்கிற பிழை," என்றார்.

அடுத்த கழிவு நாளுக்கு விதி மாறியது. அந்தச் சாமானைக் கையாளுகிற ஆள் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். துரை அந்த ஆளை விசாரிக்க வேண்டும். வேறு எதற்காவது உதவுமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே சொல், அதன் பிறகே சுத்தியல். துரை சரி என்று ஒப்புக்கொண்டார். நியாயமானவர் அவர், அவசரம்தான் கூடுதல்.

இப்படிச் சில வருஷம் ஓடியது. பிறகு ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் காதில் கேட்டது. சில மலைகளில் பால்வெட்டையே நிறுத்தினார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் தகரப் பெட்டியும் பாயுமாய் ரெங்கம் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அங்கிருந்து ரயில், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்.

ஒருநாள் துரை ஆபீசுக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. கம்பெனியின் ஏஜெண்டு துரை சிங்கப்பூரிலிருந்து உத்தரவு சொல்லியிருக்கிறாராம். முழு வேலை செய்ய முடியாதவர்களை எல்லாம் அடுத்த கப்பலுக்குள் 'கெட் ரிட் ஆஃப்' பண்ண வேண்டும். பெயர்களை நீங்களே குறித்து அனுப்பிவிடுங்கள் என்றார்.

எனக்கு உடனே அஞ்சலை ஞாபகம் வந்தது. இடையில் ஒருநாள் சரிவில் பால் வாளியோடு வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. கத்தி பிடிக்க முடியாது. புருஷன் செத்துப் போய்விட்டான். கட்டிப்பால் கொட்டகையில் குந்தி, பட்டைத் துணுக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கப்பலில் ஏற்றினால் அந்தப் பக்கம் இறங்கி யார் வீட்டுக்குப் போவாள்?

கனகரத்தினம் பேனாவை மூடினார்.

"சார்," என்றார். கைக்குட்டை மடிக்கிற நேரம் போயிற்று. பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "இந்தத் தோட்டத்தில் பார்க்காமல் எதையும் கழிப்பதில்லை. தங்கள் உத்தரவுப்படி வந்த ஒழுங்கு அது. நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் தாங்கள் வந்து பார்க்கலாம்."

துரை அவரையே பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, மனுசங்களைப் போயி ஓட்டை வாளி மாதிரி நிறுத்தறதா?" என்றேன்.

"வாளிக்குக் குடுக்கிற மரியாதையை இவையளுக்குக் குடுக்காமல் விடச் சொல்லுறீரோ? கெட் ரிட் ஆஃப் எண்ட சொல்லைக் கவனிச்சனீரோ, ஐசே. அதில பொருளும் இல்லை, ஆளும் இல்லை. சொல்லுறவரிட தலையிடி மட்டும்தான் இருக்கு."

மறுநாள் துரை வந்தார். யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. அவரவர் வேலை செய்கிற இடத்துக்கே பெரிய கிராணியார் அவரைக் கூட்டிப் போனார். பின்னால் நான், மொழிபெயர்ப்புக்கு. ஊரில் மகன்கள் இருக்கிறார்கள், அனுப்பிவையுங்கள் என்று கேட்டவர்கள் சிலர் உண்டு. அவர்களோடு துரை கை குலுக்கினார். அது சுலபமான பாதி. கடைசியில் கட்டிப்பால் கொட்டகைக்கு வந்தோம்.

"நீ அஞ்சலை?"

"ஆமாங்க தொரை."

"கை காட்டு." காட்டினாள். "மரம் வெட்ட முடியாது?"

"முடிஞ்சா இந்த நாத்தத்துல ஏங்க குந்தியிருக்கேன்?"

"ஊர்ல யார் இருக்கு?"

"எந்த ஊருங்க?"

"இந்தியா."

"இருந்த சனமெல்லாம் காய்ச்சல்ல போயிருச்சுங்க. இப்ப போயி எறங்கினா, நீ யாருன்னு கேக்கக்கூட ஆளில்ல."

துரை கனகரத்தினத்தின் பக்கம் திரும்பினார். அவர் மெதுவாக, "அனுப்புவதென்றால் அந்தச் சொல்லைத் தாங்கள் அவளிடமே சொல்ல வேண்டும் சார்," என்றார்.

துரைக்குத் தெரிந்த தமிழ் தோட்டத் தமிழ். வா, போ, சீக்கிரம், நல்லா வெட்டு. இந்த வேலைக்கு அதில் சொல் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை எந்த மொழியில் எழுதுவது? விலக்கிட்டாங்க என்பதா, நிறுத்திட்டாங்க என்பதா? ஒதுக்கியாச்சு என்றால் மாட்டுக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அனுப்பறோம் என்றால் ஏதோ திருவிழாவுக்கு அனுப்புகிற மாதிரி. கைவிட்டோம் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத் துரைக்கே உரிமையில்லை, எனக்கு ஏது? இத்தனை சொல்லும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டன. வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது.

சாதாரண விக்கல் இல்லை. கொட்டகைத் தகரம் அதிர்கிற விக்கல். அடக்கினேன், இரட்டையாக வந்தது. "அஞ்சலை, தொரை வந்து..." ஹிக். "கம்பெனியில..." ஹிக். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

அஞ்சலை எழுந்தாள். கோணல் கையால் என் தோளை அமுக்கிக் கட்டிப்பால் மூட்டைமேல் உட்காரவைத்தாள். நல்ல கையால் குடத்திலிருந்து தண்ணி மொண்டு கொண்டுவந்தாள்.

"மூச்சை அடக்கிக் குடிங்க. மெதுவா. தொரை ஓடிப் போயிற மாட்டாரு." உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டினாள். "என்னான்னுதான் எனக்குத் தெரியுதுல்ல. அதை நீங்க வேற ஏன் விக்கி விக்கிச் சொல்லணும்?"

நான் குடித்தேன். விக்கல் நின்றது. துரை தொப்பியைக் கழற்றியிருந்தார். எப்போது கழற்றினார் என்று தெரியாது.

"மிஸ்டர் கனகரத்தினம், இவளுக்கு வேறு ஏதாவது இடம் இருக்கிறதா?" என்றார்.

"ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்க ஆள் போதாது சார். வெட்டுக்குப் போகும் தாய்மார் சிலர் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதனால் அவர்கள் வேலையும் குறைகிறது."

அந்தப் பதில் அவரிடம் நேற்றே தயாராக இருந்திருக்க வேண்டும். கேட்கும் வரைக்கும் அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

துரை அஞ்சலையிடம் திரும்பினார். இந்தத் தடவை என்னை அழைக்கவில்லை.

"நீ புள்ளை பாரு."

"யாரு புள்ளைங்க?"

"எல்லாம்," என்றார். "எல்லாம் புள்ளை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணும் அப்போது சரியாக இல்லை.

திரும்பி நடக்கும்போது கனகரத்தினத்திடம் கேட்டேன். "ஐயா, ஆயாக் கொட்டகையை நேத்தே சொல்லியிருந்தா, எனக்கு இந்த விக்கலாவது மிச்சமாயிருக்குமே?"

"சொல்லியிருந்தால் அது ஒரு கிராணியிட யோசனை. ஏஜெண்டு வந்து ஒரு கோடு கீறி அடிச்சுப் போட்டுப் போயிருப்பான். இப்ப அது துரை தன்ர கண்ணால பாத்து, தன்ர வாயால சொன்னது. அதை அவரால விட ஏலாது. பாரும்."

பார்க்க வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. ஏஜெண்டு துரை சிங்கப்பூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு ஆயாக் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வரிசையாகத் தூளிகள். அஞ்சலை ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலால் ஒரு தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டு இருந்தாள். அவருடைய கண் நேராக அந்தக் கோணல் மணிக்கட்டில் போய் நின்றது.

"இந்தக் கையை வைத்துக்கொண்டு இவள் இங்கே ஏன் இருக்கிறாள்? முழு வேலை செய்ய முடியாதவர்களை என்ன செய்யச் சொன்னேன்?"

வாசலுக்கு வெளியே நின்ற எனக்கு முழங்கால் ரெண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. கனகரத்தினம் பேனாவை மூடவில்லை. வாயையும் திறக்கவில்லை. தன் துரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் நேரில் போய்ப் பார்த்தேன்," என்றார் எங்கள் துரை. "பார்த்துத்தான் இங்கே வைத்தேன். இவள் போக வேண்டுமென்றால், நீங்கள் உள்ளே வந்து அவளிடமே சொல்லுங்கள். நான் அன்றைக்கு முயன்று பார்த்தேன், முடியவில்லை."

ஏஜெண்டு துரை உள்ளே ஓர் அடி வைத்தார். ஒரு பிள்ளை அவருடைய பூட்ஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அவர் அசையாமல் நின்றார். பிள்ளை நின்றது, உட்கார்ந்தது. அவர் காலை மெதுவாக இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உங்கள் தோட்டம், உங்கள் பொறுப்பு," என்றார்.

அப்போதுதான் அஞ்சலை வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"யெஸ்ஸு கிராணியாரே, வெளிய நின்னு ஏன் ஆடறீங்க? உள்ள வாங்க. ஒரு தூளி காலியாத்தான் கெடக்கு."

எங்கள் துரைக்கு அந்த அளவு தமிழ் புரியும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று ஏஜெண்டு துரை என்னைக் கேட்டார்.

"தங்களுக்கு வணக்கம் சொல்கிறாள் சார்," என்றேன், ஒரு விக்கலும் இல்லாமல்.

ஏஜெண்டு துரை திரும்பி, அஞ்சலையைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுப் பதில் மரியாதை செய்துவிட்டு, காருக்கு நடந்தார்.